துணிந்து தோற்றவர் கேடயம்

தொழில்முனைவோர் ஆவது எப்படி என்பதை நான் இரண்டு வருடம் படித்தேன், எழுபத்தைந்து சதவீத வருகைப்பதிவுடன். அதில் ஒரு சதவீதம் குறைந்தாலும் தேர்வு எழுத விடமாட்டார்கள். யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே, துணிந்து இறங்கு என்று சொல்லிக்கொடுத்த அந்த வகுப்பிலிருந்து தண்ணீர் குடிக்கப் போவதற்குக் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும்.

பல்கலைக்கழகம் தஞ்சாவூருக்கு வெளியே, ஒரு காலத்தில் வயலாக இருந்த இடத்தில் இருந்தது. எங்களுக்கென்று அங்கே ஒரு புத்தாக்க மையம் உண்டு. உள்ளே வண்ண வண்ணமாக உட்கார மெத்தைப் பைகள், இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும். அந்த அறையில் உட்கார்ந்து புதிதாக எதையாவது யோசிக்க வேண்டுமென்றால் மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி அட்டெண்டரிடம் சாவி கேட்க வேண்டும். மூன்றாவது கையெழுத்து கிடைப்பதற்குள் யோசனை ஆறிப்போகும்.

வியாழக்கிழமைதோறும் கறுப்புக் கோட்டு. தொழிலதிபர் மாதிரி வர வேண்டும் என்று உத்தரவு. தஞ்சாவூரில் நான் பார்த்த தொழிலதிபர்கள் எல்லாரும் வெள்ளை வேட்டியும் மடித்துவிட்ட சட்டைக் கையுமாகத்தான் இருந்தார்கள். கோட்டு போட்டவர்களைக் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை கோலத்தில்தான் பார்த்திருக்கிறேன். பங்குனி வெயிலில் அந்தக் கோட்டோடு டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே இரக்கப்பட்டு ஜன்னலோரம் உட்காரச் சொல்வார்.

எங்கள் பேராசிரியர் தொழில்முனைவில் முனைவர் பட்டம் வாங்கியவர். நல்ல மனிதர். தன் பழைய ஸ்கூட்டரை விற்கப் போய், வாங்க வந்தவருடைய கதையைக் கேட்டு மனம் இளகிச் சும்மாவே கொடுத்துவிட்டு, வீட்டுக்கு நடந்து போனார் என்று கல்லூரியில் ஒரு பேச்சு உண்டு. அதைத் தவிர அவர் வாழ்நாளில் எதையும் விற்க முயன்றதாகத் தெரியவில்லை. அவருக்குப் பிடித்த சொல் தோல்வி. "சீக்கிரம் தோக்கணும், அடிக்கடி தோக்கணும், தோத்துத் தோத்துத்தான் மேல வரணும்" என்பார். மாதச் சம்பளம் ஒன்றாம் தேதி வங்கியில் விழுகிற மனிதர் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

வகுப்பில் உண்மையாகவே வியாபாரம் செய்தவன் ஒருவன்தான். பேராவூரணிக்காரன், தென்னந்தோப்பு வீட்டுப் பிள்ளை. விடுதி அறையில் கெட்டிலில் சுண்டல் வேகவைத்து, தேங்காயை ஊரிலிருந்து கொண்டுவந்து பல்லுப் பல்லாகக் கீறிப் போட்டு, மாலையில் பொட்டலம் பொட்டலமாக விற்பான். மாணவர் விடுதியில் தொழில் செய்தது குற்றம் என்று வார்டன் அபராதம் போட்டார். அபராத அறிவிப்பை ஒட்டிய பலகையில் பக்கத்திலேயே 'உனக்குள் இருக்கும் தொழிலதிபரை வெளியே கொண்டு வா' என்று ஒரு சுவரொட்டி. அவன் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டான். இவன்தான் எனக்கு புராஜெக்ட் கூட்டாளி.

புராஜெக்ட் என்றால், நாட்டில் யாருக்காவது இருக்கிற ஒரு கஷ்டத்தைக் கண்டுபிடித்து அதற்கு ஒரு செயலி செய்ய வேண்டும். கஷ்டத்துக்கு நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டிலேயே இருந்தது. பாபநாசம் பக்கம் ஒரு கிராமத்தில் அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நஞ்சை, அதில் ஒன்று குத்தகை. குறுவை அறுவடை நேரத்தில் மிஷினுக்காக அப்பா அலைவார். அறுவடை மிஷின்கள் ஆத்தூர்ப் பக்கமிருந்து லாரியில் வரும். எந்த மிஷின் எந்த வயலுக்கு எப்போது போகும் என்பதை ஊரில் ஒரு புரோக்கர் முடிவு செய்வார். அவர் செய்கிற வேலை என்று பார்த்தால், டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு போனில் மாறி மாறிப் பேசுவதுதான்.

"அந்த ஆளத் தூக்கிட்டா?" என்றார் பேராசிரியர். கண் பளபளத்தது. "விவசாயியே போன்ல மிஷின புக் பண்றார். ஆட்டோ புக் பண்ற மாதிரி. எப்படி?"

பிரமாதம் என்று நினைத்தோம். ஒரு சார்ட்டில் ஒன்பது கட்டம் போட்டு வியாபாரத்தை நிரப்பச் சொன்னார்கள். ஜாதகத்துக்கே பன்னிரண்டு கட்டம் வேண்டியிருக்கிறது, வியாபாரத்துக்கு ஒன்பது போதுமாம். வாடிக்கையாளர் என்ற கட்டத்தில் 'விவசாயி' என்று மஞ்சள் சீட்டு ஒட்டினோம். நீக்கப்படுபவர் என்று ஓரத்தில் சிவப்பில் 'புரோக்கர்' என்று எழுதி அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. பேராவூரணிக்காரன் பத்து நாளில் செயலியை எழுதிவிட்டான். அவன் மாமாவுக்குத் தெரிந்த ஒரு மிஷின்காரரையும் பிடித்தான்.

பல்கலைக்கழகப் போட்டிக்கு இன்னும் பத்து நாள். "உண்மையான வாடிக்கையாளர் ஒருத்தராவது வேணும், வீடியோவோட" என்றார் பேராசிரியர். உண்மையான வாடிக்கையாளர் என்று எனக்குத் தெரிந்தவர் அப்பா ஒருவர்தான்.

அப்பாவிடம் சொன்னேன். செயலி அவருக்குப் புரிந்ததா தெரியாது. மகளின் பல்கலைக்கழகம் மிஷின் அனுப்புகிறது என்பது மட்டும் புரிந்தது. டீக்கடைக்குப் போய்ப் புரோக்கரிடம் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம், "என் பொண்ணு யுனிவர்சிட்டிலேருந்து மிஷின் வரவழைக்குது" என்று நாலு பேர் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வந்தார். புரோக்கர் தலையை ஆட்டினாராம்.

இங்கே எங்கள் வயல் இருக்கிற விதத்தைச் சொல்ல வேண்டும். ரோட்டை ஒட்டி இருப்பது முன்வயல், வேறொருவருடையது. அதற்குப் பின்னால் எங்களுடையது. எங்களுக்கு ஒரு பக்கம் பெரிய வாய்க்கால், மறுபக்கம் வாழைக்கொல்லை. பின்னாலும் வயல்தான், வழி கிடையாது. முன்வயல் அறுத்தால்தான் எங்கள் வயலுக்குள் மிஷின் இறங்க முடியும். டெல்டா முழுக்க இப்படித்தான். ரோட்டிலிருந்து உள்ளே வரிசையாக அறுத்துக்கொண்டே போவார்கள். முன்னே இருப்பவர் நெல் பழுக்கும்வரை பின்னே இருப்பவர் காத்திருப்பார், அதற்குத் தக்கபடி முன்கூட்டியே பேசி ரகமும் நாளும் பார்த்து நடுவார்கள்.

முன்வயல்காரர் என் அப்பாவை அண்ணே என்பார், அதனால் எனக்கு அத்தை. ரத்த சம்பந்தம் இல்லை. அவருடைய அப்பா அதே வயல்களில் கூலிக்கு உழைத்தவர். மகன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பியதும், இவர் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து ஊர் ஊராக நடவு நட்டுச் சேர்த்ததுமாக ரோட்டோரம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், வாங்கினார். எங்கள் தாத்தா காலத்தில் அந்தக் குடும்பத்தை வயது பார்க்காமல் வா போ என்று பேசிய வீடு எங்களுடையது. அப்பா இவரை "வாங்க தங்கச்சி" என்பார். இந்த மரியாதையில் ரோட்டோர வயலின் பங்கு எவ்வளவு என்று நான் அப்பாவைக் கேட்டதில்லை.

அத்தை ஊரில் எல்லார் வயலையும் நட்டுக் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் தன் வயலில் இறங்குவார். மற்ற வருடங்களில் எங்களுக்கும் அவருக்கும் இரண்டு மூன்று நாள் வித்தியாசம் வரும். அந்தக் குறுவையில் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டதால் அவர் நடவு பத்து நாள் தள்ளிப்போயிற்று. அவர் கையால் நட்ட எங்கள் நெல் பழுத்துத் தலை சாய்ந்து நின்றபோது, அவர் நெல் அரைப்பச்சையாக இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். நடக்கப் பழகியதே அந்த வரப்புகளில்தான். ஆனால் ஒன்பது கட்டத்தில் எதிலும் முன்வயல் என்று ஒன்று இல்லை. கட்டத்தில் இல்லாததை யோசிக்காமல் இருக்க நான் ஒரு வருடம் பயிற்சி எடுத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை மிஷின் வந்தது. லாரியிலிருந்து இறங்கி, பெல்ட் சக்கரம் ரோட்டைக் கீறிக்கொண்டு வந்து நின்றது. பேராவூரணிக்காரன் போனில் படம் பிடித்தான். நான் அன்றைக்கும் கோட்டு போட்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

டிரைவர் இறங்கி முன்வயலைப் பார்த்தார், பின்னால் இருந்த எங்கள் வயலைப் பார்த்தார்.

"வழி எங்கங்க?"

நான் போனைக் காட்டினேன். வரைபடத்தில் நீலக்கோடு முன்வயலின் மேலேயே ஓடி எங்கள் வயலில் போய் அழகாக முடிந்தது.

"அதுல நெல்லு நிக்குதுங்களே" என்றார் டிரைவர்.

அப்பா என்னைப் பார்த்தார். "தங்கச்சிகிட்ட பேசலியா நீ?"

"நீங்க பேசியிருப்பீங்கன்னு நெனச்சேம்ப்பா."

"யுனிவர்சிட்டி மிஷின்னா அவங்களே எல்லாம் பேசிட்டுத்தான அனுப்புவாங்கன்னு இருந்துட்டேன். புரோக்கருன்னா அவன்தான பேசுவான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த மனிதர் டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு போனில் பேசியதெல்லாம் இதைத்தான். முன்வயல்காரரிடம் பேசுவதுதான் அவருடைய தொழில். நாங்கள் சிவப்பில் பெருக்கல் குறி போட்டு நீக்கியது அதைத்தான்.

கிழக்கே வானம் கறுத்திருந்தது. அன்றே மழை இருக்கும் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். தலை சாய்ந்த நெல் மழையில் விழுந்தால் தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும். மூன்று ஏக்கர், அந்த வருடத்துச் சாப்பாடும் என்னுடைய அடுத்த செமஸ்டரும் அதில்தான். அப்பா புரோக்கருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாருக்கும் கேட்டது.

"அதான் யுனிவர்சிட்டி மிஷின் வந்துட்டுதாமேண்ணே. நம்ம மிஷினெல்லாம் திருப்பனந்தாள் பக்கம் ஓடிட்டிருக்கு. வர்றதுக்கு ஒரு வாரம் ஆவும்."

டிரைவர் கடிகாரத்தைப் பார்த்தார். மிஷினுக்கு வாடகை மணிக்கணக்கில். அப்பா வரப்பில் குந்தி உட்கார்ந்துவிட்டார். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ரோட்டில் மிஷின் நிற்கிறது என்று யாரோ சொல்லி அத்தை வந்தார். டிவிஎஸ் வண்டியை நிறுத்திவிட்டு மிஷினை ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எங்கிட்ட யாரு கேட்டா?" என்றார்.

அப்பா எழுந்து நின்றார். நான் கோட்டின் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேருமே கேக்கல" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். பிறகு வரப்பில் நடந்து போய் எங்கள் வயலோரம் நின்றார். ஒரு கதிரை இழுத்து உருவி உள்ளங்கையில் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "நான் நட்ட பயிரு இது. தண்ணில கெடக்கட்டும்னு பாத்துட்டு நிக்க முடியுமா?" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு டிரைவரிடம் திரும்பினார். "தம்பி, வரப்போரமா எம் வயல்ல ஓட்டிக்கிட்டுப் போங்க. எத்தன நடை அகலம் வேணும்?"

"ரெண்டு நடையாவது வேணுங்க. பின்னாடி நெல்லு எடுக்க டிராக்டர் வரணுமே."

"ஓட்டுங்க."

மிஷின் அவருடைய அரைப்பச்சை நெல்லில் இறங்கியது. அத்தை அந்தப் பக்கம் பார்க்கவில்லை, வாழைக்கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பேராவூரணிக்காரன் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டான். இரண்டு வயலுக்கும் நடுவிலிருந்த வரப்பை வெட்டித் திறந்து, மிஷின் எங்கள் வயலில் இறங்கியபிறகுதான் மறுபடி எடுத்தான். வீடியோ நன்றாக வந்திருந்தது. தங்க நிறத்தில் நெல், பின்னால் கருமேகம். அந்தக் கோணத்தில் முன்வயல் தெரியவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குள் எங்கள் நெல் எல்லாம் கரை ஏறியது. ஐந்து மணிக்கு மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. மிஷின் ஓடிய பாதை பள்ளமாகி, வெட்டித் திறந்த வரப்பு வழியாக எங்கள் வயல் தண்ணீரெல்லாம் அத்தை வயலுக்குள் போனது. அப்பா மழையிலேயே மண் அள்ளிப் போட்டு அடைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. பாதைக்கு இரு பக்கமும் நின்ற நெல் அப்படியே படுத்தது. அதில் தேறியதைக் கொள்முதல் நிலையத்தில் பார்த்துவிட்டுக் கருக்காய், உள்ளே அரிசி பிடிக்கவில்லை என்று திருப்பிவிட்டார்கள். பாதையில் போன பயிருக்கு ஈடாக அப்பா நெல் கொடுத்தார், அத்தை வாங்கிக்கொண்டார். படுத்துப்போனதற்கு எதைக் கொடுப்பது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "இது தோல்விம்மா. நிஜமான தோல்வி. இத அப்படியே மேடைல சொல்லு" என்றார். இத்தனை வருடத்தில் அவருடைய மாணவர் ஒருவர் முதல்முறையாக உருப்படியாகத் தோற்றிருந்த சந்தோஷம் அவருக்கு.

மேடையில் சொன்னேன். நடுவர்கள் மூன்று பேர், மூன்று பேரும் தொழில் செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதையே தொழிலாகச் செய்பவர்கள். வழி எங்கங்க என்று டிரைவர் கேட்ட இடத்தில் அரங்கமே சிரித்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்த இடத்தில் என் குரல் தானாகவே தழுதழுத்தது. பிறகு அதைக் கொஞ்சம் கூட்டியும் கொடுத்தேன், மறைப்பானேன். அத்தையை 'ஒரு ஸ்டேக்ஹோல்டர்', அதாவது சம்பந்தப்பட்ட ஒரு தரப்பு, என்று சொன்னேன்.

"இந்தத் தோல்வியிலேருந்து என்ன கத்துக்கிட்டீங்க?" என்று ஒரு நடுவர் கேட்டார்.

"ஸ்டேக்ஹோல்டர்களை முதல்லயே அடையாளம் காணணும் சார்."

கைதட்டல். கண்ணாடியில் செய்த கேடயம் ஒன்று கொடுத்தார்கள். தமிழில்தான் பொறிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம். 'துணிந்து தோற்றவர்' என்று பெரிய எழுத்தில், அதற்குக் கீழே என் பெயர்.

அப்பா அதை டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்துவிட்டு அந்தப் பக்கம் அதிகம் பார்க்கவில்லை. சம்பா நடவுக்கு நாள் குறிக்க அத்தை வீட்டுக்கு வந்தபோது அது அங்கேதான் இருந்தது.

"இதென்ன?"

"காலேஜ்ல குடுத்தாங்க அத்தை."

எட்டாம் வகுப்புவரை படித்தவர். கேடயத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, எழுத்துக் கூட்டாமல் நேராகவே படித்தார். "துணிந்து தோற்றவர்." பிறகு அப்பாவைப் பார்த்தார். "ஏண்ணே, ஒங்க வயல்ல இந்தத் தடவ வெளச்சல் எப்படி கண்டுச்சு?"

"நல்லாத்தான் கண்டுச்சு தங்கச்சி" என்றார் அப்பா, மெதுவாக.

"அப்ப யாரு தோத்தா?"

அடுப்பங்கரையில் அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

"தோத்தது நான்" என்றார் அத்தை. குரல் உயரவில்லை. "பேரு ஒனக்குப் போட்டிருக்காங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது. அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. மேடையில் குரல் தழுதழுத்ததை நினைத்தபோது அது இன்னும் கூடியது.

"எடுத்துக்கிட்டுப் போறேன்" என்று அவர் கேடயத்தைத் துண்டில் சுற்றினார்.

"எடுத்துக்கங்க தங்கச்சி" என்றார் அப்பா.

அடுத்த குறுவையில் தண்ணீர் வந்ததும் பன்னிரண்டு பெண்களும் முதலில் இறங்கியது அத்தையின் வயலில். அப்பா ரோட்டில் நின்று, "எங்க வயலுக்கு எப்ப வருவீங்க?" என்று கேட்டார். "எம் வயல் முடியட்டும்ண்ணே" என்று நிமிராமலே பதில் வந்தது. தோல்வியிலிருந்து யாராவது எதையாவது கற்றுக்கொண்டு நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இப்போது நான் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். என்ன பாடம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடுகிறது. தோற்கச் சொல்லி நானும் சொல்கிறேன், பாடத்திட்டத்தில் இருக்கிறது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பேராவூரணியில் தேங்காய் நார் ஆலை நடத்துகிற என் பழைய கூட்டாளியை ஒரு நாள் பேச அழைக்கலாமா என்று கேட்டேன். பட்டம் இல்லாதவரை வகுப்பில் பேச விட முடியாது என்று கோப்பு திரும்பி வந்தது.

போன மாதம், ஆசிரியர்கள் வாங்கிய விருதுகளைப் படத்துடன் சமர்ப்பிக்கச் சொன்னார்கள். விருது ஒன்றுக்கு ஐந்து புள்ளி. என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அத்தை வீட்டுக் கதவைத் தட்டினேன். கேடயம் மகன் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தூசி இல்லை.

"ஒரு போட்டோ எடுத்துக்கணும் அத்தை. ஆபீஸ்ல கேக்கறாங்க."

"எடுத்துக்க" என்றவர், நான் போனை எடுப்பதற்குள் கேடயத்தைக் கையில் எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்து, நேராக நின்றார். நான் எடுத்தேன். நன்றாக வந்திருந்தது. என் பெயர் இருந்த இடத்தில் அவருடைய விரல்கள் இருந்தன.

அதையே அனுப்பினேன். ஒரு வாரத்தில் கோப்பு குறிப்போடு திரும்பி வந்தது: 'விருது பெற்றவர் படத்தில் இல்லை. விளக்கம் தேவை.'

விளக்கம் எழுத அரைப் பக்கம் விட்டிருந்தார்கள். ஐந்து புள்ளி போனால் போகட்டும் என்று, 'இருக்கிறார்' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன்.